தனியாகத் தாயாக முடிவெடுத்திருக்கிறேன், சிகிச்சைக்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்? (மும்பை)

செம்பருத்தி_செம்பூர் | ஜூன் 9, இரவு 11:20

வணக்கம். இங்கே பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 37. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பை வந்து பதினான்கு வருடமாகிறது. செம்பூரில், செட்டா நகர் முருகன் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் வாடகை வீடு. கல்யாணம் ஆகவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. குழந்தை இல்லாததுதான் மூன்று வருடமாகத் தூங்க விடாமல் செய்கிறது. டோனர் விந்தணு மூலம் முயற்சி செய்யலாம் என்று முடிவெடுத்துவிட்டேன்.

போன வாரம் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனேன். படிவத்தில் கணவர் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டுக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண், உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி, "மிஸ்டர் பெயர் எழுதலையே மேடம், அவர் எப்போ வருவார்?" என்றார். பதில் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. டாக்டரைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை: கல்யாணமாகாத பெண்ணுக்கு இதைச் செய்ய சட்டம் இடம் தருகிறதா? என்ன டெஸ்ட்டெல்லாம் முதலில் எடுக்க வேண்டும்? பணம் எவ்வளவு கையில் இருக்க வேண்டும்? ஆபீஸில் லீவு கிடைக்குமா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா இல்லை.

---

வழக்காடி | ஜூன் 10, காலை 7:05

சட்டக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், தொழில் அதுதான்.

தாராளமாக முடியும். செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல் வந்தது, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 முதல் 50 வயது வரை உள்ள பெண் தனியாகவே இந்தச் சிகிச்சையைக் கேட்டுப் பெறலாம். கணவர் கையெழுத்து என்ற பேச்சே உங்களுக்கு இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். ஏன் என்று கேட்டால் "நான் தனியாக வந்திருக்கிறேன்" என்ற ஒரு வரி போதும்.

பலரும் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. வாடகைத் தாய்ச் சட்டம் வேறு. அதில் தனிப் பெண் என்றால் விதவை அல்லது விவாகரத்தானவர், 35 முதல் 45 வயதுக்குள் என்று எழுதியிருக்கிறார்கள். கல்யாணமே ஆகாதவருக்கு அந்த வழி இல்லை. "சிங்கிள் லேடிக்கு பெர்மிஷன் இல்லை" என்று சில மையங்களில் சொல்வது இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டுதான்.

டோனரை நீங்களே கூட்டிக்கொண்டு போக முடியாது. பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் சாம்பிள் வர வேண்டும். அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யார் என்பது அவருக்கும் தெரியாது. பிறக்கிற குழந்தையின் மேல் அவருக்கு எந்த உரிமையும் கிடையாது, சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு டோனரின் விந்தணுவை ஒரு குடும்பத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும் இருப்பதால், பழைய நாட்களைப் போல நினைத்தவுடன் சாம்பிள் கிடைக்காது. காத்திருக்கச் சொன்னால் பயப்படாதீர்கள்.

மையத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

---

அலைகடல் | ஜூன் 10, மதியம் 1:40

தங்கச்சி, நான் வாஷியில் இருக்கிறேன். என் மகளுக்கு நாலு வயது. நீ இப்போது நிற்கிற இடத்தில்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் நின்றேன்.

டெஸ்ட் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் கற்றுக்கொண்டதில் முதலாவது, மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டாக்டரின் பெயரை மட்டும் பார்க்காதே, வழியையும் பார். எனக்கு முதலில் கிடைத்தது போரிவலியில். பெரிய பெயர். கருமுட்டை வளர்வதற்கான ஊசி ஆரம்பித்துவிட்டால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் காலையில் ஸ்கேன் இருக்கும். வாஷியில் இருந்து போரிவலி போய் ஸ்கேன் முடித்து ஆபீஸ் போவதற்குள் பாதி உயிர் போய்விடும். ஒரு ஜூலை மாதம் குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. கைப்பையில் ஊசி மருந்து, ஐஸ் பேக் உருகிக்கொண்டிருக்கிறது. அது குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து. ஒரு ஊசி மூவாயிரத்துச் சொச்சம். பெண்கள் பெட்டியில் ஒரு மீன்காரம்மா கூடையில் இருந்த ஐஸ் கட்டியை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். என்ன மருந்து, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு நெருலில் ஒரு சின்ன இடத்துக்கு மாறினேன். அங்கேதான் கரு தங்கியது.

இரண்டாவது, இந்தச் சேதி தெரிந்த ஒரு ஆள் உனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரில் இல்லை, இந்த மும்பையில். முட்டை எடுக்கிற அன்று மயக்கம் கொடுப்பார்கள், வீட்டுக்கு யாராவது கூட்டிப்போனால்தான் விடுவார்கள். அதைவிட முக்கியம், பதினான்கு நாள் காத்திருந்து ரிசல்ட் வருகிற அன்று சாயங்காலம். அன்றைக்குத் தனியாக இருக்காதே. நான் இருந்தேன், முதல் தடவை. நெகட்டிவ். அந்த இரவை இன்னும் மறக்க முடியவில்லை.

---

நீலச்சீருடை | ஜூன் 10, இரவு 9:15

நான் தாணேயில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் நர்ஸாக இருக்கேன். நாகர்கோவில்காரி. உங்க கவுன்டர் அனுபவத்தைப் படிச்சதும் மனசு ரொம்பக் கஷ்டமா இருந்தது. எங்க இடத்திலயும் இது நடந்திருக்கு. ஒரு அம்மா வாய்விட்டு அழுதப்புறம்தான் படிவத்தையே மாத்தினோம்.

டெஸ்ட் விஷயத்துக்கு வரேன். கருமுட்டை இருப்பைக் காட்டுற ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை எந்த நாளும் எடுக்கலாம். பீரியட்ஸ் இரண்டாவது நாள் ஒரு ஸ்கேன், அதில் சின்னச் சின்ன முட்டைப்பைகளை எண்ணுவாங்க. இந்த இரண்டும் சேர்ந்துதான் இருப்பு எவ்வளவுன்னு சொல்லும். எண்ணிக்கையைத்தான் சொல்லும், முட்டையோட தரத்தைச் சொல்லாது. தரம் வயசோட போகும். ஏஎம்ஹெச் குறைவுன்னு ஒரு காகிதத்தைப் பார்த்துட்டு உடைஞ்சுபோறவங்களை வாரம் ஒருத்தரையாவது பார்க்கிறேன். அது மட்டுமே தீர்ப்பு கிடையாது.

தைராய்டு பாருங்க. டிஎஸ்ஹெச் 2.5க்குக் கீழே வரட்டும்னு நிறைய டாக்டர்கள் காத்திருப்பாங்க. சர்க்கரை, ஹீமோகுளோபின், புரோலாக்டின் ஹார்மோன், ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸுக்கான விடிஆர்எல். கருக்குழாய் அடைப்பு இருக்கான்னு ஒரு எக்ஸ்ரே, பீரியட்ஸ் முடிஞ்ச கையோட எடுப்பாங்க. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷம்தான். அரை மணி முன்னாடி வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கோங்க.

நிறையப் பேர் கடைசியில போய் மாட்டிக்கிற ஒண்ணு ரூபெல்லா, கர்ப்பத்தில் வந்தா குழந்தையைப் பாதிக்கிற ஒரு வகை அம்மை. எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு ரத்தத்தில் பாருங்க. இல்லைன்னா தடுப்பூசி போடணும், போட்டா ஒரு மாசம் கர்ப்பம் கூடாது. இன்னைக்கே தெரிஞ்சா அந்த ஒரு மாசம் வீணாகாது. ஃபோலிக் ஆசிட் இப்பவே ஆரம்பிங்க, தினம் 400 மைக்ரோகிராம். குறைஞ்சது ஒரு மாசம், முடிஞ்சா மூணு மாசம் முன்னாடி.

தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனையும் கட்டாயம். நம்ம ஊரில் இதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆனா உங்களுக்கு டோனர் சாம்பிள் மும்பையில கிடைக்கப் போகுது. சிந்தி, பஞ்சாபி, லோஹாணா சமூகங்கள்ல இந்த மரபணு அதிகம். நீங்களும் கேரியர் (நோய் இல்லாம மரபணுவை மட்டும் சுமக்கிறவங்க), டோனரும் கேரியர்னா குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு அபாயம். கேரியரான்னு தெரிய ரத்தத்தில் ஹெச்பிஏ2 அளவு பார்க்கச் சொல்லுங்க, டோனரோட ரிப்போர்ட்டையும் கேளுங்க. சாம்பிளை உறைய வச்சு ஆறு மாசம் கழிச்சு டோனருக்கு மறுபடி ரத்தம் பார்த்தாங்களான்னும் கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

உங்க ரத்த வகை என்ன?

---

செம்பருத்தி_செம்பூர் | ஜூன் 10, இரவு 10:50

ஓ நெகட்டிவ். அது பிரச்சினையா?

---

நீலச்சீருடை | ஜூன் 11, காலை 6:30

பிரச்சினை இல்லை, ஞாபகம் வச்சுக்க வேண்டிய விஷயம். நெகட்டிவ் டோனர் கிடைக்கிறது அரிது, அதுக்காகக் காத்திருக்கணும்னு அவசியமும் இல்லை. பாசிட்டிவ் டோனர்னா, ரத்த வகை ஒத்துப்போகாததால வர்ற பாதிப்பைத் தடுக்க 28வது வாரத்தில் ஒரு ஆன்டி-டி ஊசி, பிரசவத்தில் குழந்தை பாசிட்டிவா இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. நடுவில் ரத்தக்கசிவோ கருக்கலைவோ ஆனாலும் உடனே சொல்லிடணும். ஃபைலோட முதல் பக்கத்தில் சிவப்பு மையில எழுதி வைங்க.

---

மயில்கழுத்து | ஜூன் 11, காலை 11:10

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு ஊசி, இவ்வளவு செலவு. வீடு இல்லாத ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமே? தனிப் பெண்ணுக்கு அனுமதி இருக்கிறது. தனியாக எடுப்பவருக்கு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் 40 வயது வரைதான், நாலு வயது வரை உள்ள குழந்தை என்றால் 45. உங்களுக்கு 37. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவில் இப்போதே பதிவு செய்தால்கூட வரிசை நீளம். இதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

---

இலுப்பைப்பூ | ஜூன் 11, மாலை 6:25

மயில்கழுத்து சொன்ன வயதுக் கணக்கு சரியானது, அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஊசி வேண்டாம், தத்து எடு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகிக் கருத்தரிக்கிற யாரிடமும் நாம் அப்படிச் சொல்வதில்லை. வயிற்றில் சுமக்க வேண்டும் என்பதும் ஒரு ஆசைதான், அதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான் மாட்டுங்காவில் இருக்கிறேன். 39 வயதில் ஆரம்பித்து மூன்று ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), இரண்டு ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைப்பது). ஒன்று எட்டாவது வாரம் வரை வந்தது. இதயத் துடிப்பைக் கேட்டேன். அடுத்த ஸ்கேனில் இல்லை. 41 வயதில் நிறுத்திவிட்டேன்.

பணக் கணக்கைச் சொல்கிறேன், கேட்டிருந்தாய். ஐயூஐ ஒவ்வொன்றும் டோனர் சாம்பிள், ஸ்கேன், மருந்து எல்லாம் சேர்த்து எனக்கு இருபதாயிரத்தைத் தாண்டியது. ஐவிஎஃப் ஒவ்வொரு சுற்றும் இரண்டு லட்சத்துக்கு மேல். மையத்தில் சொல்கிற பேக்கேஜ் விலையில் பெரும்பாலும் ஊசி மருந்து இருக்காது, கருவை உறைய வைக்கும் கட்டணம் இருக்காது, வருடா வருடம் அதைப் பாதுகாக்கும் கட்டணமும் இருக்காது. எழுதி வாங்கிக்கொள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடு இந்தச் சிகிச்சைக்குப் பணம் தராது. பிரசவத்துக்குத் தருமா, எத்தனை மாதம் காத்திருப்பு என்று உன் ஆபீஸ் பாலிசியை இப்போதே எடுத்துப் படி.

தொடங்கும் முன்பே எங்கே நிறுத்துவது என்று எழுதி வை. எத்தனை சுற்று, எவ்வளவு பணம், எந்த வயது. நடுவில் இருக்கும்போது முடிவெடுக்க வராது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். நான் எழுதி வைக்கவில்லை. பிஎஃப் பணம் முழுவதும் போனது. போனதற்கு வருந்தவில்லை, ஆனால் கடைசிச் சுற்றை என் உடம்பு தாங்காது என்று எனக்கே தெரிந்தும் போனேன்.

பயமுறுத்த எழுதவில்லை. அலைகடல் மாதிரி நடக்கட்டும் என்று மனதார வேண்டுகிறேன். என் மாதிரி நடந்தாலும் நீ நிற்க வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன்.

---

செம்பருத்தி_செம்பூர் | ஜூன் 12, அதிகாலை 12:35

இலுப்பைப்பூ அக்கா, மூன்று தடவை படித்தேன். பதில் எழுத வார்த்தை வரவில்லை. ஒரு நோட்டில் எழுதிவிட்டேன்: 40 வயது, மூன்று ஐயூஐ, இரண்டு ஐவிஎஃப், எட்டு லட்சம். இதற்கு மேல் இல்லை.

மயில்கழுத்து, உங்கள் மேல் கோபமில்லை. காராவிலும் பதிவு செய்யப் போகிறேன். இரண்டும் ஒன்றாக நடக்கட்டும்.

---

தாராவி_90அடி | ஜூன் 13, இரவு 8:00

அம்மா, எனக்கு 63 வயது. 90 அடி ரோட்டில் பிறந்து வளர்ந்தவன். இந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குத் தகப்பன் வேண்டும் என்று நினைக்கிறவன் நான். மூன்று வயதில் அப்பாவை இழந்தவன் என்பதால் சொல்கிறேன். அம்மா முறுக்கு சுட்டு விற்று வளர்த்தார். அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எங்களுக்குக் கதி இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி கஞ்சி கொண்டுவருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் இதைச் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் குழந்தைக்குச் சோறு போடப் போகிறவர் யார் என்று இப்போதே பெயர் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு பெயர் போதாது, இரண்டு வேண்டும்.

---

வழக்காடி | ஜூன் 14, காலை 7:30

ஐயா சொன்னதைச் சட்டத்தின் பக்கமிருந்தும் செய்ய முடியும். குழந்தை பிறந்ததும் உயில் எழுதுங்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் காப்பாளர் யார் என்று அதில் பெயர் குறிப்பிடுங்கள். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் பிறகு கேட்பது இதைத்தான். 2015இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் தந்தை பெயர் இல்லாமலே சான்றிதழ் தர வேண்டும் என்றது. 2018இல் மும்பை உயர் நீதிமன்றம் நம் மாநகராட்சிக்கே அப்படி உத்தரவிட்டது, அதுவும் உங்களைப் போல டோனர் வழியாகப் பெற்ற ஒரு தாயின் வழக்கில். அதே 2018இல் மதுரைக் கிளையும் திருச்சி மாநகராட்சி விஷயத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னது. பாஸ்போர்ட்டுக்கு 2016 முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பான் கார்டுக்கு 2018 டிசம்பர் முதல் அப்படித்தான். மகாராஷ்டிராவில் 1 மே 2024 முதல் பிறக்கும் குழந்தையின் அரசு ஆவணங்களில் அம்மா பெயர் கட்டாயம்.

பிரசவ மருத்துவமனையில் பிறப்பு விவரம் எழுதும் ஆளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் முளைக்கிறது, யாராவது நல்லெண்ணத்தில் ஒரு பெயரை எழுதிவிடுவார்கள். பதிவுக்கு 21 நாள் அவகாசம்.

லீவுக்குக் கல்யாணம் தேவையில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு.

---

அலைகடல் | ஜூன் 14, மதியம் 2:10

தாராவி ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் கேட்டது நியாயம். என் பட்டியலில் இருக்கும் இரண்டு பேர், எதிர் வீட்டு மலையாளி டீச்சரும் என் சின்ன அத்தையும். டீச்சரிடம் கேட்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

தங்கச்சி, குழந்தையிடம் என்ன சொல்வது என்பதையும் இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகு. போன மாதம் மழலையர் பள்ளியில் ஒரு பையன் என் மகளிடம் உன் அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறான். "எங்க வீட்ல அம்மாதான். ஒரு மாமா விதை கொடுத்தார், டாக்டர் அம்மா வயித்துல வச்சாங்க" என்றாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்கு ஒன்றரை வயதில் இருந்து குளிப்பாட்டும்போதெல்லாம் இதைக் கதையாகச் சொல்லி வருகிறேன். எப்போது தெரிந்தது என்றே அவளுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த மனிதரை அப்பா என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

---

செம்பருத்தி_செம்பூர் | ஜூலை 3, இரவு 10:05

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

வேறு மையம் பார்த்துவிட்டேன், வீட்டில் இருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருந்தது. படிவத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏஎம்ஹெச் 1.4. டிஎஸ்ஹெச் 4.8, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தலசீமியா இல்லை. ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லை, நேற்று ஊசி போட்டார்கள். கருக்குழாய் எக்ஸ்ரே அடுத்த மாதம். எல்லாம் சரியாக இருந்தால் செப்டம்பரில் முதல் ஐயூஐ.

அம்மாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் "ஊர்ல கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றாள். எனக்கும் தெரியலம்மா என்றேன். வைத்துவிட்டாள். நாலு நாள் பேச்சில்லை. இன்று காலையில் அவளே கூப்பிட்டு, தாதர் வண்டிக்கு ஆகஸ்ட் மாதம் டிக்கெட் கிடைக்குமா பார் என்றாள். ஊர்க் கேள்விக்கு இன்னும் எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. டிக்கெட் போட்டுவிட்டேன்.

தாராவி ஐயா, ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. இரண்டாவதாக ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் இந்தச் சனிக்கிழமை கேட்கப் போகிறேன்.

நீலச்சீருடை அக்கா, ஊசி போட்ட கை தூக்க முடியாமல் வலிக்கிறது. எத்தனை நாள் இருக்கும்?

---

நீலச்சீருடை | ஜூலை 4, காலை 6:20

இரண்டு மூணு நாள்ல போயிடும். ஐஸ் ஒத்தடம் கொடுங்க, அந்தக் கையில பை மாட்டாதீங்க. அடுத்த வாரம் லேசாக் காய்ச்சல், உடம்புல சிவப்புத் தடிப்பு வந்தாலும் பயப்பட வேண்டாம், சில பேருக்கு வரும். தைராய்டு மாத்திரை வெறும் வயித்துலதானே போடறீங்க? காபிக்கு அரை மணி முன்னாடி. ஆறு வாரம் கழிச்சு மறுபடி டிஎஸ்ஹெச் பாருங்க, தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க.